இங்கே எழுத்து வரும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் தன் கையாலேயே எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நானும் உன் அத்தையும் என் இடது முழங்காலும் சுகம். வலது முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள், அவளுடைய இருமல் நின்றதா என்று அறிய ஆவல்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதிய கடிதம் இல்லை. நூலகத்து மாடியில் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. நாற்பது வருஷம் பெயின்டராக இருந்து எத்தனை கடைச் சுவருக்கு வெள்ளை அடித்திருப்பேன், கடைப் பெயரின் மேல் சொட்டுப் படாமல் எழுத்தைச் சுற்றிச் சுற்றி அடித்திருக்கிறேன், ஆனால் அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். வரிக்கு ஒரு வாய் டீ என்று நிதானமாக எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் உன் அத்தை, "இந்தக் கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு ரிட்டயர் ஆயிடுவா" என்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று திங்கட்கிழமை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. யாரையும் படிக்கச் சொல்லாமல் நானே படித்து, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் முடித்தேன். பாதியில் நீ பட்ட பாட்டைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது; வெங்காயமும் காரணமாக இருக்கலாம். 'பாலத்துக் காவலன்' என்ற வீடியோ கேம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறது, வழக்கமாக இரண்டு வாரம் முன்னாலேயே விமர்சகர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவார்கள், இந்த முறை யாருக்கும் கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது, வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் விமர்சனம் வராவிட்டால் உன் பக்கத்தைப் பிடுங்கிக் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று உன் ஆசிரியர் சொல்லிவிட்டார், 'ஒளிச்சு வைக்கிறாங்கன்னா விளையாட்டு மட்டம்னுதானே மாமா அர்த்தம்' என்று நீ எழுதியிருக்கிறாய். மருமகளே, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். அந்த விளையாட்டுக்குள்தான் போன புதன்கிழமையிலிருந்து உன் மாமன் குடியிருக்கிறேன்!

அது எப்படி என்றால், தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் கம்பத்தில் எது ஒட்டியிருந்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகருவேன், அதனால் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அது வேறு சண்டை. 'அறுபது வயதுக்கு மேல், இதுவரை வீடியோ கேம் விளையாடாதவர்கள் சோதனைக்குத் தேவை. டீ, பிஸ்கட் உண்டு' என்று போட்டிருந்தது. எனக்காகவே ஒட்டியது போல இருந்ததால் போனேன். கம்பெனி ஆறாவது மாடியில். மேனேஜர் அம்மா, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர், ஏழு பக்கம் ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தார். நான் முதல் பக்கத்து முதல் வரியில் விரலை வைத்தேன். "ஐயா, அதையெல்லாம் யாருமே படிக்கிறதில்ல. கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். கையெழுத்து! மருமகளே, எழுபத்தொரு வயது வரைக்கும் என் கட்டைவிரல்தான் எனக்காகப் பேசியது. வகுப்பு நோட்டுக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். நான்கு நிமிஷம் ஆயிற்று. கடைசிப் புள்ளி வைத்ததும் நானே எழுந்து நின்று பார்த்தேன். ஒரு நகல் கேட்டு வாங்கி வந்து, தினம் ஒரு பக்கமாகப் படிக்கிறேன். இதுவரை நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. நான்காம் பக்கம் நாற்காலி உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பற்றியது, ரொம்ப விறுவிறுப்பு.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். ஒரு பாலத்தைக் காக்கிற ஆள், அந்த ஆள் நான்தான், குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போய்த் திருடனைத் தேட வேண்டும். நான் குதிரையில் ஏறவே இல்லை. முதல் தெருவில் அத்தனை கடை, அத்தனை பலகை! 'இங்கு சாவி செய்து தரப்படும்.' 'செருப்பை வெளியே விடவும்.' ஒன்று விடாமல் படித்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பு எடுக்கும் தாடிக்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து வந்தார். "ஐயா, எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல தம்பி, இன்னும் பதினோரு கடை பாக்கி இருக்கு" என்றேன்.

அவர் போய் மேனேஜர் அம்மாவிடம், "கஷ்டமா இருக்கு போல, பெரியவர் நகரவே இல்ல" என்று சொல்லி, அவர்கள் ஒரு கூட்டமே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் என்னைக் குதிரையில் ஏற்றியே விட்டார்கள். இரண்டாவது ஊர் வந்தது. முதல் கடைப் பலகையில் 'இங்கே எழுத்து வரும்' என்றிருந்தது. பக்கத்துக் கடையிலும் 'இங்கே எழுத்து வரும்'. மருத்துவமனை, சத்திரம், சிறைச்சாலை, அரண்மனை வாசல், எல்லாவற்றிலும் அதேதான். "இந்த ஊர்ல எல்லாக் கடைக்கும் ஒரே பேரா தம்பி?" என்று கேட்டேன். தாடிக்காரர் எட்டிப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் அம்மா தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று யாரோ போட்டு வைத்தது, மூன்று வருஷமாக அப்படியே இருந்திருக்கிறது. இருநூறு பேர் சோதித்துப் பார்த்தார்களாம், ஒருத்தரும் பலகையைப் படிக்கவில்லை. நூற்று நாற்பது பலகை! அன்றைக்கு எனக்கு இரண்டு பிஸ்கட் அதிகம்.

அதோடு முடிந்ததா? "எந்தக் கடைக்கு என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்க ஐயா" என்றார்கள். நான் சொல்லவில்லை, ஒரு அட்டையை வாங்கி எழுதியே காட்டினேன். தாடிக்காரர் அதைப் படம் பிடித்து விளையாட்டுக்குள் மாட்டினார். மேனேஜர் அம்மா, "கடைக்காரனே எழுதின மாதிரி இருக்கு, இவரே எழுதட்டும்" என்று சொல்லிவிட்டார். 'கடன் கேட்டால் நாய்க்கும் கோபம் வரும்.' 'மருத்துவர் தூங்குகிறார், மெதுவாகச் சாகவும்.' 'சிறைச்சாலை. கால் கழுவிவிட்டு வரவும்.' ஆகவே விளையாட்டு மட்டம் இல்லை, நன்றாகவே இருக்கிறது, திருடன் மூன்றாவது ஊரில்

புதன்கிழமை. திருடன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல முடியாது. நேற்றுச் சாயந்தரம் ஆறாம் பக்கத்தைப் படித்தேன். வெளியாகும் நாள் வரை விளையாட்டைப் பற்றி யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாதாம். அதற்குக் கீழே, 'குறிப்பாகப் பத்திரிகைக்காரர்களிடம்'. எனக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பவும் பயமாக இருந்தது. உன் அத்தை, "சொந்தத்துக்குள்ள என்ன, போட்டுடுங்க" என்றாள். போட முடியாது மருமகளே. கைநாட்டு வைத்த காலத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளலாம். இது கையெழுத்து. என் பெயர் அங்கே இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே இருப்பேன், ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் தபாலில் போட மாட்டேன். உன் பக்கம் குறுக்கெழுத்துக்குப் போய்விடுமே என்று நினைத்தால் டீகூட இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. இடையில் எழுத நேரமில்லை, கலகம் செய்துகொண்டிருந்தேன். நேற்றுக் காலை மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போய், பிரதியை ஏன் யாருக்கும் அனுப்பவில்லை என்று நேராகவே கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பத்திரிகைத் துண்டு, சுற்றிலும் சிவப்பு மை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இந்த விளையாட்டில் குதிரை சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. கதவு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. பத்துக்கு இரண்டு.' அடியில் உன் பெயர்! எனக்கு மார்பு பூரித்துவிட்டது.

"போன விளையாட்டுக்கு இந்த அம்மா எழுதினது. முதல் நாளே பாதி ஜனம் வாங்காம திரும்பிப் போயிடுச்சு. அதான் மேலிடத்துல, இனி யாருக்கும் முன்னாடியே கொடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"குதிரை சுவருக்குள்ள போச்சா இல்லயா?"

"போச்சு ஐயா."

"அப்ப அது எழுதினவ குத்தமா, குதிரை குத்தமா?"

அவர் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். நான் பேனாவை மூடி அவர் மேஜை மேல் வைத்தேன். "இன்னும் இருபத்தாறு பலகை பாக்கி. அரண்மனையும் அதுல ஒண்ணு. நீங்க பிரதியை வெச்சுக்கிட்டுத் தர மாட்டீங்க, நான் பலகையை வெச்சுக்கிட்டுத் தர மாட்டேன்" என்று சொல்லி, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்கு ஏன் ஐயா இவ்வளவு அக்கறை?"

"அந்தக் குதிரையைப் பத்தி எழுதினவ என் அக்கா பொண்ணு."

"குதிரைக்காரி உங்க மருமகளா!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆமா. இப்ப வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஆறாம் பக்கம் படிச்சிருக்கேன்."

"ஆறாம் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா. நானே எடுத்துக் காட்டினேன்.

பிறகு மேலிடத்துக்கு நான்கு முறை போன் போயிற்று. அரண்மனை வாசலில் 'இங்கே எழுத்து வரும்' என்று கடைக்கு அனுப்பினால் குதிரையை விட மோசமாகச் சிரிப்பார்கள் என்று தாடிக்காரர் எடுத்துச் சொன்னார். நல்ல மனுஷர். மத்தியானம் உத்தரவு வந்தது. பலகை முடிந்த உடனே எல்லா விமர்சகர்களுக்கும் அனுப்பலாம், ஒருத்தருக்கு மட்டும் என்றால் கூடாது. இன்று காலை பதினொரு மணிக்கு அரண்மனையை முடித்தேன். கம்ப்யூட்டர் வழியாகவே போய்விடுமாம், தபால்கூட வேண்டாமாம். என் கண் முன்னால் தாடிக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார், "போயிடுச்சு ஐயா" என்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்று, திறந்ததும் பத்திரிகை வாங்கி வந்தேன். உன் பக்கம் உன் பக்கமாகவே இருந்தது. குறுக்கெழுத்து எங்கோ மூலையில் கிடந்தது. உன் அத்தையை எதிரில் உட்கார வைத்து உரக்கப் படித்தேன். 'நல்ல கதை. குதிரை ஒரு சுவரையும் துளைக்கவில்லை. திருடனை நெருங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.' நான் நிறுத்தி நிறுத்தி ரசித்தேன். அடுத்த வரி: 'ஆனால் இரண்டாவது ஊரின் கடைப் பலகைகளை யாரிடம் எழுதக் கொடுத்தார்களோ, மையில் விழுந்த நண்டு ஊர்ந்து போனது போல இருக்கிறது. அதற்காகவே மூன்று மதிப்பெண் குறைக்கிறேன். பத்துக்கு ஏழு.'

உன் அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அந்த வரியை மறுபடி படித்தேன், இந்த முறை விரல் வைக்காமலே ஓடியது. எனக்குக் கோபம் இல்லை மருமகளே. எனக்கு எழுத்தே தெரியாமல் இருந்திருந்தால் என் எழுத்தை யாராவது பழித்திருக்க முடியுமா? நீ கண்டது கண்டபடி எழுதுகிறவள், அதற்காகத்தானே கையைக் கட்டி உட்கார்ந்தேன். ஆனாலும் மூன்று என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஒன்று போதாதா? 'ழ' நன்றாகத்தானே வந்திருந்தது?

உன் பேனா வற்றாமல் ஓடட்டும். உன் ஆசிரியர் உன்னிடம் அடங்கி நடக்கட்டும். அக்காவை வெந்நீர் குடிக்கச் சொல். அத்தையின் ஆசியும் இதில் சேர்த்தி. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு, தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த உன் மாமன். (கீழே கையெழுத்து. ஐந்து நிமிஷம்.)

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன், பயம் தெளிந்து ஏழாம் பக்கத்தையும் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கையெழுத்துக்கு நேர் மேலே இருக்கிறது: பத்திரிகையில் வேலை செய்கிறவர்களின் உறவினர்கள் யாரும் இந்தச் சோதனைக்கு வரவே கூடாதாம். மேனேஜர் அம்மாவும் இதைப் படித்ததில்லை போலிருக்கிறது. ஆகவே நான் அங்கே போகவே இல்லை, பலகை எழுதவில்லை, உனக்கு இப்படி ஒரு கடிதமும் எழுதவில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அந்தக் கையெழுத்து இருக்கிற துண்டை மட்டும் கிழிக்காதே, இந்த முறை நண்டு மாதிரி இல்லை.