பக்கவாட்டுக் கண்ணாடியில் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதிக்கொள்வது. அப்பாவின் தாடையைத் தவிர இங்கு அனைவரும் நலம். உன்னோடு யாரும் பேசக் கூடாது என்று அப்பா போட்ட உத்தரவு இன்னும் அப்படியே இருப்பதால், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் அறிவியல் டீச்சரால் வந்தது. குழியாடி கொண்டு வரச் சொன்னார், நான் அப்பாவின் சவரக் கண்ணாடியைக் கேட்காமல் எடுத்துப் போய்விட்டேன், கிட்டே பிடித்தால் என் மூக்குப் பரு நெல்லிக்காய் அளவு தெரிந்தது, தள்ளிப் பிடித்தால் வகுப்பே தலைகீழாகத் தொங்கியது, டீச்சர் மெழுகுவர்த்திச் சுடரைக் காகிதத்தில் தலைகீழாக விழவைத்து, "இதுதான் மெய்பிம்பம். நேரா, பெருசாத் தெரியுதே, அதுதான் மாயபிம்பம்" என்றார். நான் போன பிறகு அப்பா கண்ணாடியைத் தேடிப் பார்த்துவிட்டு, டிப்போவிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பழைய பஸ் பக்கவாட்டுக் கண்ணாடியை ஜன்னலில் சாத்திவைத்துச் சவரம் செய்திருக்கிறார். அது குவியாடி. அதில் அவர் முகம் எலுமிச்சம்பழம் அளவு. எலுமிச்சம்பழத்தில் தாடை எங்கே, கழுத்து எங்கே? மூன்று வெட்டு. "என்னண்ணே, வீட்டுல பூனை வளக்கறீங்களா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்ததாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. குவியாடி கிட்டே இருப்பதையும் சின்னதாக்கி, தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். நீ உனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு புறப்பட்ட அன்று, பெட்டியோடு அப்பா ஓட்டிய பஸ்ஸின் பின்னால் ஓடினாயே, "பாத்துட்டும் நிறுத்தாமப் போயிட்டாருடி" என்று அழுதாயே, அவர் பார்த்தே இருக்க மாட்டார். கண்ணாடியில் நீ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்திருப்பாய். யாரோ தூரத்துப் பெண் என்று நினைத்திருப்பார். தப்பு கண்ணாடியுடையது, பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. கோபத்தை விட்டுவிட்டு வா. அம்மா இன்னும் நாலு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

பயத்துடனும் பாசத்துடனும்,
தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் தப்பு. அப்பா போர்வையை விலக்கிவிட்டார். முழுவதும் படித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருபது வருஷமா அந்தக் கண்ணாடியப் பாத்து வண்டி ஓட்டறவன்டி நான். எது கிட்ட, எது தூரம்னு எனக்குத் தெரியாதா? அவதான்னு தெரிஞ்சுதான் ஆக்சிலேட்டர மிதிச்சேன்" என்றார். கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி ஓடினேன். அவ இல்ல. அதையும் எழுது" என்றார். "விலாசத்த மட்டும் எங்கிட்டக் காட்டாத. பாத்தா கெளம்பிப் போயிடுவேன்."

போய்ப் படுத்துக்கொண்டார். உன் விலாசத்தை உறையில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, காலையில் அவர் போட்டுக்கொள்ளும் சட்டையின் மேல் வைத்திருக்கிறேன்.