மாக்கிறேற் ஆழ்வாப்பிள்ளையை முந்திய சருக்கம்

வாழி மாக்கிறேற்! புங்குடுதீவுக் கரைதோறும் உயிர்நண்டு வாங்கி, பத்து மணிக்குமுன் யாழ்ப்பாணத்துக் கொம்பனியில் ஒப்படைக்கும் விரைவின் செல்வி, முப்பதாண்டு மூத்த டீசல் வானின் முடிசூடிய அரசி, அவள் வளைக்கரம் நீடு வாழி!

அவ்வரசியின் ஊர்திக்கு அவள் கணவன் கிறிஸ்ரி, ஒரு மாதம் எண்ணெயில் குளித்து, பழைய லொறியில் கழற்றிய ரேர்போ ஒன்றைப் பூட்டியிருந்தான். இஞ்சின் கக்கும் புகையாலேயே சுழன்று, காற்றை வாரி அதற்கே ஊட்டி, கிழட்டு எருதைப் போர்ப்பரியாக்கும் அவ்விரும்புச் சக்கரத்துக்கு ஒரேயொரு குணக்கேடு: மிதித்தவுடன் விழிக்காது, மூன்று மூச்சு நேரம் உறங்கிவிட்டே சீறி எழும்.

மணி ஒன்பதரை. இருபுறமும் கடல் விரிந்த வேலணைத் தாம்போதியில், வைக்கோல்மலை சுமந்த ஆழ்வாப்பிள்ளையின் உழவு இயந்திரம், பட்டத்து யானையெனப் பாதையடைத்து அசைந்தது. வானின் ஹோன் வலம்புரிச் சங்கென முழங்கியது. ஆழ்வாப்பிள்ளை திரும்பியும் பார்த்தாரில்லை.

வெகுண்டாள் மாக்கிறேற். மூன்றாம் கியரிலேயே வலப்புறம் ஒடித்து மிதித்தாள். வான் முனகியது, ரேர்போ துயின்றது, அது கண்விழித்த கணத்தில் எதிரே செந்நிறப் பஸ் சிங்கமெனப் பாய்ந்துவர, மானமிழந்து வைக்கோலின் பின்னே பதுங்கினாள்.

"ரெண்டுக்கு இறக்கும்! றோட்டு வெளிக்க முந்தியே மிதியும், அப்பதான் அது எழும்பும்!" என்று பக்கத்துக் கதிரையிலிருந்து அலறினான் கிறிஸ்ரி.

"நீங்கள் கத்தாமல் இருங்கோ!" என்றாள், ஆயினும் சொன்னபடியே செய்தாள்.

சற்றே பின்தங்கி, கிளச்சை மிதித்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, பஸ் கடக்குமுன்னரே அவள் அக்சிலேற்றரை அழுத்த, விசிலூதி விழித்தது ரேர்போ, கரும்புகை விண்மறைக்க, கடற்கொக்குகள் திசைகெட்டுப் பறக்க, கிறிஸ்ரி கதிரையோடு ஒட்டிக்கொள்ள, வில்லினின்று விடுபட்ட கணையெனப் பாய்ந்தது வான், வைக்கோல்மலை பின்னே தூசியாய்ச் சிறுத்தது!

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை! இண்டையிலையிருந்து இந்தத் தாம்போதி என்ரை!" என்று யன்னலால் முழங்கினாள் வெற்றிச்செல்வி.

கண்ணாடியில் நோக்கினாள். ஆகா! தோற்ற வேந்தர் நடுப்பாதையில் இயந்திரத்தை நிறுத்தி, வெண்சால்வையை உயர்த்தி வீசிக்கொண்டிருந்தார். சரண்புகுந்த பகைவனுக்கு அபயமளிக்கும் பேரருளோடு வானை நிறுத்திக் கையசைத்தாள்.

கிறிஸ்ரி மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"மாக்கிறேற், பின்கதவு திறந்து கிடக்கு. வான் பாய்ஞ்ச பாய்ச்சலிலை பெட்டியெல்லாம் விழுந்திட்டுது."

ஆழ்வாப்பிள்ளையின் இயந்திரச் சில்லடியிலிருந்து அவர்கள் நின்ற இடம்வரை, கவசந்தரித்த நீலப்படை அணியணியாய், ஈட்டியெனக் கொடுக்குயர்த்தி, பக்கவாட்டில் நடைபயின்று, தாய்நாடாம் கடல் நோக்கி வீரத்தோடு மீண்டுகொண்டிருந்தது.

மத்தியானம் வரை மூன்று பேரும் நண்டு பொறுக்கினார்கள்.