விற்க மாட்டேன் என்ற நாலுகை அண்ணாச்சி

வாங்க வந்தவரிடம் "உமக்கு விக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை மூடிய ஒரே விற்பனைப் பிரதிநிதி, இந்தப் பூமியில் எங்கள் நாலுகை அண்ணாச்சிதான். அவர் விற்றது கத்திரிக்காய் அல்ல; கோடிகளில் விலை சொல்கிற அறுவைசிகிச்சை ரோபோ.

அந்த ரோபோவுக்கு நாலு கை. நோயாளியின் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டால் கைகள் உள்ளே போகும். டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி விரலால் அவற்றை ஆட்டுவிப்பார். இதையே ஊர் ஊராகச் சொல்லித் திரிந்ததில் அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அவரோடு அனுப்பப்பட்ட இன்ஜினியர். மிஷினைப் பூட்டுவது, ஓட்டிக் காட்டுவது, அவர் வாயால் கெட்டதைச் சரிசெய்வது என்று எனக்கு மூன்று வேலைகள். மூன்றாவதற்குத்தான் நேரம் போதாது.

அதற்கு முன் அவர் டிராக்டர் விற்றவர். அந்தப் பேச்சு போகவில்லை. பெரிய சர்ஜனிடம்கூட, "ஒரு சால் ஓட்டிப் பாருங்க டாக்டரய்யா, பிறகு பேசுவோம்" என்பார். கம்பெனி போட்டுக்கொள்ளக் கொடுத்த கோட்டை வேன் ஸீட்டில் விரித்திருந்தார். சித்திரை வெயிலில் ஸீட் சுடாமல் இருக்குமாம்.

ஒருநாள் சென்னையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். "கோவில்பட்டியெல்லாம் நம்ம மார்க்கெட் இல்ல. மதுரையோட நிறுத்திக்குங்க."

"ஏன் சார், எங்க ஊர்க்காரன் வயித்துக்குள்ள கரிசல் மண்ணா கெடக்கு? அங்கனயும் குடல்தான் சார் இருக்கு!"

மறுநாள் காலை எங்கள் வேன் கோவில்பட்டியில், ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி நடத்திய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. வேனுக்குள் நான் உட்கார்ந்து ஆட்டுவிக்க, ஊறவைத்த உளுந்தின் தோலை ரோபோ உரித்துக் காட்டியது. பசுவந்தனையிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள்கூட வேனைச் சுற்றிக்கொண்டார்கள். முதலாளி சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"குச்சி அடைக்குமா?"

"அடைக்கும்!" என்றார் அண்ணாச்சி. அப்படி ஒரு வேலையை அந்த மிஷினுக்கு யாரும் கொடுத்ததில்லை.

ரோபோ ஒரு குச்சியை எடுத்தது. யோசித்தது. வைத்தது. ஏழாவது குச்சியில், கூட்டத்தில் நின்ற ஆலைத் தொழிலாளி ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். "ஏட்டி, இது ஒரு பெட்டியை அடைக்கதுக்குள்ள பொங்கல் வந்துரும் போல!"

கூட்டத்தின் சிரிப்பில் வேனே அதிர்ந்தது. அண்ணாச்சி அசரவில்லை. "ஆத்தா, நீங்க மேசையில வச்சு அடைக்கீங்க. இது ரத்தம் ஓடுத இடத்துல, நரம்பு நரம்பா ஒதுக்கி வேலை பாக்கும். வேகம் வேணும்னா பஸ்ஸு பிடிங்க!"

முதலாளிக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. "எடுத்துருவோம் அண்ணாச்சி. அடுத்த மாசமே பைபாஸ்ல பெரிய போர்டு வைக்கணும், ரோபோ வந்தாச்சுன்னு."

"சந்தோஷம். ஆபரேஷன் யாரு செய்வா?"

"நம்ம டாக்டரம்மாதான்."

அந்த ஆஸ்பத்திரியின் சர்ஜன் அவர். "நான் இதை இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்றார் மெதுவாக.

"தொட்டா வந்துரும்" என்றார் முதலாளி.

அப்போதுதான் அண்ணாச்சி பையை மூடினார். "உமக்கு விக்க மாட்டேன்."

"என்னவே இது! வாங்குதேன்னு சொல்லுதேன், மாட்டேங்கீரு?"

"ஓட்டத் தெரியாதவன் டிராக்டர்ல ஏறினா வரப்பு போகும். இங்க ஆளு போயிரும். டாக்டரம்மா முறையாப் படிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் போர்டுல உம்ம படத்தைப் போட்டுக்கிடும்!"

விஷயம் சென்னைக்குப் போனது. கைக்கு வந்த வியாபாரத்தைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'வேலையை எடுத்துக்கிடுங்க. சொன்ன வார்த்தையை எடுக்க மாட்டேன்.' அதை ஆங்கிலத்தில் பணிவாக மாற்றிப் படித்துக் காட்டினேன். "இதுல கோவத்தைக் காணோமே தம்பி" என்று மூன்று முறை திருத்தவைத்தார்.

அவர் வேலையைக் காப்பாற்றியது டாக்டரம்மா. "அண்ணாச்சி சொல்லுதது சரி. படிக்காம நான் தொட மாட்டேன்" என்று முதலாளியிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். பத்து நாள் முறைத்துக்கொண்டிருந்த முதலாளி போன் செய்தார். "டாக்டரம்மாவைப் படிக்க அனுப்புதேன். அதுக்குள்ள மிஷினை வேற எவனுக்கும் வித்துராதீரும்!"

டாக்டரம்மா மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். மிஷின் வந்தது. முதல் ஆபரேஷன்களுக்கு அனுபவமுள்ள சர்ஜன் ஒருவர் கூடவே நின்றார். பிறகு டாக்டரம்மா தனியாகவே செய்தார். போர்டு கடைசியாகத்தான் வந்தது.

அடுத்த வருஷம் அண்ணாச்சிக்கு வயிற்றுவலி. பித்தப்பையில் கல். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்வதாக மேனேஜரே சொன்னார். அவர் மனைவி, எங்கள் மதினி, அழுதார்கள். நானும் போகச் சொன்னேன்.

"ஊரெல்லாம் போயி, இங்கனயே வைத்தியம் பாருங்கன்னு சொன்னவன், எனக்கு வலின்னதும் ரயிலேறவா? டாக்டரம்மா செஞ்சாத்தான் படுப்பேன். இல்லன்னா இந்தக் கல்லோடயே திரியுதேன்!"

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து மிஷினை நான் நாலு தடவை சோதித்தேன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, படுத்தபடியே அண்ணாந்து பார்த்தார். "தம்பி, மூணாவது கை லேசா சாஞ்சாப்ல இருக்கு, பாரும்."

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க பேஷண்ட். வாயை மூடுங்க" என்றார் டாக்டரம்மா.

"மூடுதேன். ஆனா சாஞ்சுதான் இருக்கு."

மயக்க மருந்து ஏறியது. அவர் பேச்சு பாதியில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவர் கண் திறக்கும்வரை அந்தக் கண்ணாடிக் கதவை விட்டு நான் நகரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், மிஷினுக்காகத்தான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.