கலர் ஏஜென்ஸியும் கொக்கியாரும்

எமலோகத்துக்கே போனாலும், "இதுக்கு முன்னாடி வந்தவுக எல்லாம் இங்க எப்படி இருக்காக?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொக்கியார் உள்ளே காலை வைப்பார்.

அறுபதுகளில் காரைக்குடி லாரி ஷெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மூட்டையை இழுக்கும் இரும்புக் கொக்கி எந்நேரமும் தோளில் தொங்கும். அதுவே பெயராகிவிட்டது.

சந்தையில் கத்திரிக்காய்க்காரியிடம் விலை கேட்க மாட்டார். "இன்னைக்கி உங்க வீட்டுல என்ன கொழம்பு ஆத்தா?" என்பார். அவள் வெள்ளந்தியாக "முருங்கக்காய்" என்றால் போச்சு. "அப்ப நானும் அதையே வாங்கிக்கிறேன்" என்று அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். ஒருதடவை தேவகோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உங்க பிள்ளைகளை இந்த வண்டியில ஏத்துவீகளா?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் யோசித்தார். அந்த யோசனை போதும். கொக்கியார் இறங்கி நடந்தே போனார்.

அப்போது நான் சோடாக்கடை வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்பு வரை படித்ததாகச் சொல்லிக்கொள்வேன். மூன்றாம் வகுப்பு வாசல் வரை என்பதுதான் சரி. ஒருநாள் மதுரையிலிருந்து பேண்ட் போட்ட ஒருவர் வந்து, பாட்டிலில் வரும் தன் கம்பெனி இனிப்புக் கலருக்கு என்னை ஏஜெண்டு ஆக்குவதாகச் சொன்னார். டெபாசிட் கட்ட வேண்டும். கடைக்கு அவர்கள் பெயிண்ட், அவர்கள் போர்டு. என் சோடாவை நான் விற்கக் கூடாது. பேப்பர் முழுக்க இங்கிலீஷ். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். எனக்குப் புரிந்தது அந்தப் புள்ளி மட்டும்தான்.

கையெழுத்துக்கு முன்னால் கட்ட வேண்டிய டெபாசிட்டுக்காக என் பெண்டாட்டி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதை மடியில் முடிந்துகொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பினேன். வழியில் கொக்கியார் பிடித்துக்கொண்டார்.

"விக்காத சரக்கைத் திருப்பி எடுப்பானாடா?"

"தெரியலண்ணே."

"அடுத்த தெருவுல இன்னொருத்தனுக்கும் ஏஜென்ஸி குடுத்தா என்ன செய்வ?"

"கேக்கலண்ணே."

"வேற என்னதான்டா கேட்ட?"

"பேண்ட் எங்க தச்சீகன்னு கேட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டு, என்னைக் கண்டரமாணிக்கம் பஸ்ஸில் ஏற்றினார். அங்கே அதே கலருக்கு ஒரு ஏஜெண்டு இருந்தார். "வியாபாரம் ஓகோன்னு போகுது" என்றார் அவர். கொக்கியார் அதைக் காதில் வாங்கவே இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தார். நானும் ஓடினேன். ஏஜெண்டின் சம்சாரம் வெளியே வந்தாள்.

"தாகமா இருக்கு ஆத்தா."

"மோர் தரவாண்ணே?"

"கலர் இல்லியா?"

"அதுவா? அந்தா, கூரை முட்ட அடுக்கிக் கெடக்கு. வாங்குவாரில்ல. திருப்பி எடுத்துக்கங்கன்னா, எழுதிக் குடுத்துட்டீகன்னு பேப்பரக் காட்டுறாக."

மோர் கொடுக்கக் குனிந்தபோது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. கொக்கியார் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மோரைக் குடித்துவிட்டுச் சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் வழி நெடுக நான் மடியைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சங்கிலியை நீட்டினேன். "ஏன், என்னாச்சு?" என்றாள் பெண்டாட்டி. வாசலில் நின்ற கொக்கியார் முந்திக்கொண்டார்.

"உம் புருசன் நோண்டி நோண்டிக் கேட்டு அந்த ஏஜென்ஸியே வேணாம்னுட்டான் தாயி. கெட்டிக்காரப் பய!"

கல்யாணமானதிலிருந்து பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள் என்னை.

என் ஆயுசில் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அதுவும் பொய். அந்தப் பொய்யை இன்றுவரை நான் அவளிடம் திருத்தவில்லை. கொக்கியாருக்கு மரியாதைக் குறைவாகிவிடும்.