மதிலில் காய்ந்த மோர்மிளகாய்

மதிலில் காயவைத்த மோர்மிளகாயில் கால்வாசியைக் காணவில்லை. விரித்த பேப்பர் அசையாமல் அப்படியே கிடந்தது.

கிருசிகா சுவிஸின் பேர்ண் நகரத்துக்குப் படிக்க வந்து ஆறு நாள்தான். பயணப்பெட்டிக்குள் ஈரலித்துப்போன மிளகாயை, மாணவர் விடுதி வாசலில், றோட்டோர மதிலில் விழுந்த கொஞ்ச வெயிலில் பரப்பிவிட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். அதற்குள் இந்தக் கூத்து.

வேறு மிளகாய் என்றால் போய்த்தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இது அம்மா போட்டது. கோண்டாவிலில் பெட்டி கட்டும்போது அம்மா சொன்னவ: "இது முடியிறதுக்குள்ள உனக்கு அந்த இடம் பழகிடும், பிள்ளை." எங்கே பழகுவது? வகுப்பில் ஒருத்தரும் கதைக்கவில்லை. போனில் அம்மாவைத் தவிர வேறு தமிழ்க்குரல் கேட்கவில்லை. வீட்டு நினைவு வந்தால் மிளகாய்ப் பையைத் திறந்து மணந்து பார்ப்பாள். முடிந்துவிடுமே என்ற பயத்தில் ஒன்றைக்கூடப் பொரிக்கவில்லை.

பின்னேரம் அம்மா கேட்டா, "பொரிச்சுச் சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா. நல்ல உறைப்பு."

காகத்தின் வேலை என்று முடிவு கட்டினாள். சுவிஸ் காகம் மோர்மிளகாய் தின்னுமா என்று யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்? மறுநாள் மிளகாயை ஒரு காட்போட் பெட்டிக்குள் போட்டு அதே மதிலில் வைத்தாள். பின்னேரம் பாதிக்குப் பாதி போய்விட்டது.

அப்ப மனிசர்தான். அம்மா கையால் செய்தது என்று தெரிந்தால் எடுக்க ஆருக்கு மனம் வரும்? அடுத்த நாள் ஒரு மட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, மனம் கேளாமல் கீழே தமிழிலும் எழுதிப் பெட்டியில் ஒட்டினாள்: 'யாழ்ப்பாணத்தில் அம்மா தன் கையால் போட்ட மோர்மிளகாய்.'

அன்று மிஞ்சியது ஐந்து.

மிளகாய் காயவைத்த நாலாம் நாள் வகுப்பைக் கைவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கிறவர்கள் போடும் உடுப்போடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். மட்டையின் தமிழ் வரியை நின்று வாய்விட்டு வாசித்தார். பிறகு ஐந்தையும் எடுத்துத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டார்.

"அண்ணை, அது என்ர."

மனிசன் விறைத்துப்போனார். தம்பிராசா என்று பெயர், இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசம்.

"உம்மடயோ? இஞ்ச வேண்டாத சாமானைப் பேப்பரிலயோ பெட்டியிலயோ போட்டு மதிலில வைச்சா, விரும்பினவை எடுத்துக்கொண்டு போகலாம். அதுதான் வழக்கம். எல்லா நாளும் நான்தான் எடுத்தனான், பிள்ளை."

"நான் காயத்தான் வைச்சனான்." கிருசிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வீட்டு நினைவா மிச்சம் பிடிச்சு வைச்சிருந்தனான், அண்ணை. ஒண்டுகூட வாயில வைக்கேல்ல."

தம்பிராசா ஐந்து மிளகாயையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தாய் போட்டதையே றோட்டில வைச்சிட்டுது, ஊர் நினைப்பே இல்லாத பிள்ளையெண்டு, நேற்றிலயிருந்து என்ர மனிசி உம்மைத் திட்டித்திட்டித்தான் சாப்பிடுறா."