அடுப்பு அணைந்தும் விசிலடித்த குக்கர்

ஸ்ரீகண்டன் குக்கருக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே, பாமா.”

“உங்களுக்கு வருஷம் பூரா ஜலதோஷம்! இந்த ரப்பர் ரிங்கை மோந்து பாருங்கோ. மட்டன்தான். சந்தேகமே இல்லை.”

பிரஷர் குக்கர் பெங்களூருக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. கம்பெனி ஏஜெண்ட் மைக்கேல்ராஜ் அன்று மதியம் சைக்கிள் காரியரில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, ரிச்சர்ட்ஸ் டவுனில் இவர்கள் வீட்டில் இறக்கினார். இறக்கினவர் சும்மா போயிருக்கலாம். “நேத்து காக்ஸ் டவுன்ல ஓஸ்வால்ட் சார் வூட்ல செஞ்சு காட்டினோம் மேடம். மட்டன் பஞ்சாட்டம் வெந்துச்சு. சாயங்காலம் நீங்க அசத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பாமா மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்திலிருந்து ஒரு மாதிரி வாடை வந்தது. வேறு என்னவாக இருக்க முடியும்?

அன்று சாயங்காலம் சப்பர் கிளப். ஸ்ரீகண்டன் ஆபீஸ்காரர்களின் மனைவிமார் மாதம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். இந்த மாதம் பாமாவின் முறை. வந்தவர்களுக்குக் குக்கரில் சமைத்துக் காட்டி விற்றுக் கொடுத்தால், அவளையே கம்பெனியில் டெமான்ஸ்ட்ரேட்டராக வைத்துக்கொள்வதாக மைக்கேல்ராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். பாமா எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அந்த சர்டிபிகேட் பீரோவில் அந்துருண்டையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இந்த வேலை அவளுக்கு வேண்டும். வேண்டும் என்றால் அப்படி இப்படி இல்லை, ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு வேண்டும்.

ஆனால் கிளப்பில் ராஜலக்ஷ்மி மாமி வாங்கினால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். மாமி, ஸ்ரீகண்டனின் மேலதிகாரி சேஷகிரியின் மனைவி. ஆசாரத்தில் நெருப்பு. வாசலில் செருப்பை விடும்போதே, உள்ளே வெங்காயம் நறுக்கியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவாள்.

“மாமிக்குத் தெரிஞ்சா என் வேலையும் போச்சு, உங்க வேலையும் போச்சு” என்றாள் பாமா.

புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். குக்கர் கண்ணாடியாக மின்னியது. ரப்பரில் மட்டும் வாடை அப்படியே இருந்தது.

“சீமெண்ணெயில ஊறப் போடு. எந்தப் பிசுக்கா இருந்தாலும் போயிடும். என் சைக்கிள் செயினுக்கு அதான் பண்றேன்” என்றான் ஸ்ரீகண்டன். கணவன் யோசனை சொல்வதே அபூர்வம் என்பதால் பாமா நம்பிவிட்டாள். வீட்டிலிருந்த சீமெண்ணெய் முழுவதையும் பேசினில் ஊற்றி ரிங்கைப் போட்டாள்.

வாடை போய்விட்டது. ஆனால் ரிங் ஜாங்கிரி மாதிரி உப்பிப்போய்விட்டது. மூடிக்குள் அடைத்தால் ஒரு பக்கம் நுழைந்தது, மறு பக்கம் துள்ளி வெளியே வந்தது.

“ஐயோ, இப்ப என்னன்னா பண்றது?”

ஸ்ரீகண்டன் போய்த் தன் சைக்கிள் ட்யூபை வெட்டிக்கொண்டு வந்தான். ஒருவாறு பொருந்தியது. அதை நம்பப் பயந்து, பாமா கொல்லைப்புறம் விறகடுப்பில் பெரிய வெண்கலப் பானையை ஏற்றி, தனியாகப் பிசிபேளா பாத் செய்து சமையலறையில் மூடி வைத்தாள்.

“ஹால்ல நான் குக்கரை வெக்கறேன். வெந்ததும், தண்ணியில ஆற வைக்கணும்னு சொல்லி சமையல் உள்ளுக்கு எடுத்துண்டு வந்துடுவேன். அங்க மாத்திடலாம்.”

“விசில் வரலைன்னா?”

பாமா அவனையே பார்த்தாள். காலேஜ் நாட்களில் டெண்ட் சினிமாக் கொட்டகையில் ஸ்ரீகண்டன் அடிக்கும் விசில் பிரசித்தம்.

“நான் கெஜட்டட் ஆபீசராகப் போறவன்டி!” என்றான் அவன். ஆனாலும் சமையலறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். மாமி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி, சீமெண்ணெய் நெடி?”

“ஸ்டவ் மாமி, ஸ்டவ்!”

பாமா எல்லார் எதிரிலும் அரிசி, பருப்பு, காய்களைக் குக்கரில் போட்டு மூடி, பம்ப் ஸ்டவ்வில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் மூடியைச் சுற்றி நாலாபுறமும் ஆவி சீறியது.

“ரயில் எஞ்சின் மாதிரின்னா பொகையறது?” என்றாள் மாமி.

“உள்ள இருக்கற கெட்ட காத்தெல்லாம் வெளியில போறது, மாமி.”

சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டவ் இருமியது, அணைந்தது. ஊற்ற வீட்டில் ஒரு சொட்டு சீமெண்ணெய் இல்லை. திரைக்குப் பின்னால் இருந்தவனுக்கு இது தெரியாது. இதுதான் சமயம் என்று நினைத்து ஸ்ரீகண்டன் நீளமாக ஒரு விசில் அடித்தான்.

மாமி ஸ்டவ்வைப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். “அடுப்பே அணைஞ்சுடுத்தே. விசில் எங்கேர்ந்து வரது?”

பாமா குக்கரைச் சுட்டிக் காட்டினாள். “அதான் மாமி இதோட விசேஷமே! எண்ணெய் மிச்சம். அடுப்பு அணைஞ்சாலும் உள்ளே இருக்கற சூட்டுலயே வேலை செய்யும்.”

“ஆஹா!” என்றார்கள் எல்லாரும். திரைக்குப் பின்னால் இருந்தவனுக்கு அந்த ஆஹா தன் விசிலுக்காகச் சொன்னதாகக் கேட்டது போலும். ஸ்ரீகண்டன் இன்னும் இரண்டு விசில் அடித்தான். கடைசியில் லேசாகக் கமகம் சேர்த்தான்.

பாமா குக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பாதி வெந்த பருப்பை வாளியில் கொட்டி, வெண்கலப் பானையிலிருந்து நிரப்பிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள்.

பிசிபேளா பாத் பிரமாதமாக அமைந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. எல்லாரும் மறுபடி கேட்டார்கள். பாமா குக்கரோடு உள்ளே போவதும் நிரப்பிக்கொண்டு வருவதுமாக இருந்தாள். மைக்கேல்ராஜும் வந்து சேர்ந்து, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

“இத்தனூண்டு பாத்திரம். இத்தனை பேர் சாப்பிட்டும் தீரலையே! அட்சய பாத்திரமான்னா இருக்கு” என்றாள் மாமி. “எனக்கு ஒண்ணு எழுதிக்கோப்பா.”

உடனே எல்லாரும், “எனக்கும்! எனக்கும்!” என்றார்கள். மைக்கேல்ராஜ் பேனாவைத் திறந்தார்.

பாமாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவர்கள் நாளைக்கு வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு விசிலுக்காகக் காத்திருப்பார்களே! இப்படிக் கிடைக்கும் வேலை தனக்கு வேண்டாம் என்று பட்டது. ஓடிப்போய் மைக்கேல்ராஜ் எதிரில் நின்றாள்.

“எழுதாதீங்கோ, மைக்கேல்ராஜ். இது குக்கர்ல செஞ்சதே இல்லை. நான் ரிங்கைப் பாழ் பண்ணிட்டேன். சமைச்சது வெண்கலப் பானையில. விசில்...”

திரை விலகியது. ஸ்ரீகண்டன் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, “நமஸ்காரம் மாமி” என்றான்.

எல்லாரும் மாமியின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மாமி சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏம்ப்பா மைக்கேல்ராஜ், அணைஞ்ச அடுப்புல விசில் வரும்னு எங்களையே நம்ப வெச்சவ, நிஜமா விசில் வர்ற குக்கரை விக்க மாட்டாளா? ஒப்புத்துண்டாளே, அதுக்கே இவளுக்கு வேலை கொடுக்கலாம். குக்கர் ஒழுங்கா வேலை செய்யறதைக் காட்டு, என் ஆர்டர் அப்படியே இருக்கட்டும்.”

“திங்கக்கெழம ஆபீசுக்கு வந்துருங்க மேடம்” என்றார் மைக்கேல்ராஜ். “ஆனா ரிங்கு எப்படிப் பாழாச்சு? அது புத்தம் புதுசாச்சே. இன்னிக்குக் காலையிலதான் பொட்டியப் பிரிச்சேன்.”

“சும்மா... சுத்தம் பண்ணினேன்” என்றாள் பாமா. விற்கிறவர்கள் எதையும் புதுசு என்றுதான் சொல்வார்கள் என்பது அவள் எண்ணம். வேலை கிடைத்த ஆனந்தத்தில் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஸ்டவ்வுக்குச் சீமெண்ணெய் வந்தது. மைக்கேல்ராஜ் பையிலிருந்து ஒட்டிய காகித உறை ஒன்றை எடுத்துக் கிழித்து, புது ரிங்கைப் பாமாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கினாள். மூக்கில் பட்டதுதான் தாமதம், மாமி இருப்பதை மறந்துபோய்க் கத்திவிட்டாள்.

“ஐயையோ! இதுலயும் மட்டன் வாடை!”

ஸ்ரீகண்டன் கண்ணை மூடிக்கொண்டான். மாமி எழுந்து வந்தாள். பாமாவின் கையிலிருந்து ரிங்கை வாங்கி, நிதானமாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு அவள் காதோரம் குனிந்தாள்.

“அசடு! இது வெறும் ரப்பர்டி. மட்டன்னா எவ்வளவு நன்னா மணக்கும்னு எனக்குத் தெரியாதா?”