ஆங்கிலம் தெரியாமல் போன வாத்தியார்

ஆங்கிலம் தெரிந்த ஒருவர், ஆங்கிலம் தேவைப்படுகிற ஒரு நாட்டுக்குப் போய், அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க விரும்புவது சட்டப்படி தவறில்லை. இதை விசா அலுவலகமே ஒப்புக்கொள்கிறது. தவறில்லாத ஒரு காரியத்தை எப்படிச் செய்யவிடாமல் பார்த்துக்கொள்வது என்பதற்காகத்தான் அங்கே இத்தனை மாடியும், மாடிக்கொரு டோக்கன் மெஷினும் வைத்திருக்கிறார்கள்.

அப்படியொரு டோக்கனைப் பிடித்துக்கொண்டு கிராமர் உட்கார்ந்திருந்தார். கிராமர் என்பது தெரு வைத்த பெயர். தலை நரைக்கிற வரை டியூஷன் சென்டரில் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். கடைப் பலகையில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். சில கடைகளில் அவரைக் கண்டதும் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

டியூஷன் சென்டர் கைமாறியது. புது முதலாளி டிகிரி கேட்டார். கிராமரும் கல்லூரிக்குப் போனவர்தான். ஆனால் புள்ளியியல் தாள் மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை, பட்டமும் வரவில்லை. வேலை போனது. மச்சான் வீட்டு மாடியில் குடியிருக்கிறவருக்கு வேலை போனால், அவர் படியேறும்போதெல்லாம் கீழே மச்சானுக்கு இருமல் வரும். அந்த இருமல் தாங்காமல்தான் வெளிநாட்டு யோசனையே பிறந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசா அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"டிகிரி எங்கே?"

"இல்லைங்க. அனுபவம் இருக்கு."

"அனுபவம் உங்களுக்குப் பிரயோஜனம். டிகிரிதான் எங்களுக்குப் பிரயோஜனம்."

"ஆங்கிலத்துல டிகிரி வேணுங்களா?"

"எதுல இருந்தாலும் சரி. மீன் வளர்ப்புன்னாக்கூட ஆட்சேபணை இல்லை."

"மீன் வளர்ப்புக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சம்பந்தம் கேக்கிற பிரிவு மேல் மாடி. இப்ப மூடியிருக்கு."

கிராமர் எழுந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை, குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொரு வழி இருக்கு சார். மாணவர் விசா. ஆங்கிலம் கத்துக்கப் போறேன்னு எழுதிக் குடுங்க. மாணவருக்கு அங்கே சாயங்காலம் வேலை பார்க்க அனுமதி உண்டு."

"என்ன வேலை?"

"எது வேணும்னாலும். ஆங்கிலம் சொல்லிக்குடுக்கிற வேலை அங்கே கொட்டிக் கிடக்கு."

"அதுக்கு டிகிரி?"

"படிக்கப் போறவர்கிட்ட யாராவது டிகிரி கேப்பாங்களா?"

நியாயம் என்றே பட்டது கிராமருக்கு. ஒரே ஒரு நிபந்தனை. ஆங்கிலம் கற்க வருகிறவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கக் கூடாது. அதை உரிய தேர்வின் மூலம் ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டும்.

தேர்வுத் தாளைப் பார்த்ததும் கிராமருக்குக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் தப்பான விடையையே எழுதிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

"ஒண்ணு கூடச் சரியில்லையே சார்," என்று வருத்தப்பட்டார் அதிகாரி. "நிஜமாவே தெரியாதவன் எழுதினா, அங்கொண்ணு இங்கொண்ணு தற்செயலாச் சரியா விழும். ஒண்ணு விடாம தப்பா எழுதணும்னா சரியான விடை அத்தனையும் தெரிஞ்சிருக்கணும். மேலிடத்துல உங்களை மேதைன்னு சந்தேகப்படறாங்க."

மறுதேர்வுக்கு மனைவி பயிற்சி கொடுத்தாள். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் பேசாமல் இருப்பது எப்படி என்று தினமும் பார்க்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு விடைகளில் டிக் அடிக்கப் பழக்கினாள். அவர் முன்னால் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினாள். மூன்றாம் வகுப்பில் படிக்கிற மகள் எதிரே உட்கார்ந்து, அப்பாவின் உதடு அசைகிறதா என்று கவனித்தாள். கிராமருக்கு முதலில் வியர்த்தது. பிறகு தூக்கத்தில் மட்டும் திருத்தினார். பிறகு அதுவும் நின்றது. மச்சான்கூட மாடிக்கு வந்து, "மாப்பிள்ளை, முகத்துல ஒரு தெளிவு போயிருக்கு. தேறிடுவீங்க," என்று தைரியம் சொன்னார்.

எழுத்துத் தேர்வில் போதுமான அளவு தோற்றுவிட்டார். அடுத்தது நேர்காணல். அதிகாரி அவரை ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னார். கிராமர் நின்றார். சட்டைக் காலரில் பூச்சி ஊர்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிராமர் புன்னகை செய்தார். பூச்சி நிஜமாகவே ஊர்ந்தது. கடைசியாக, நேர்காணல் முடிந்தது, போகலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். போனால் விசா போய்விடும். கிராமர் நின்றார். அதிகாரி சாப்பிடப் போனார், வந்தார். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கும் கிளம்பினார். கடைசியில் பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தால் காலைத் தட்டியபோதுதான் கிராமர் நகர்ந்தார். அது எந்த மொழியிலும் சேராது.

விசா வந்தது. போய்ச் சேர்ந்தார்.

வகுப்பறை சுத்தமாக இருந்தது. பெஞ்சுகளில் பல தேசத்து ஆண்களும் பெண்களும், எல்லாம் நடுவயது, புது நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சின்னப் பெண். வன வளர்ப்பில் பட்டம் வாங்கியவள். வனத்தில் வேலை காலி இல்லாததால் இங்கே நியமிக்கப்பட்டவள். பயந்தபடியே போர்டுக்குத் திரும்பி, பள்ளிக்கூடத்துக்கான ஆங்கிலச் சொல்லை எழுதினாள். எஸ், கே, யூ, எல்.

ஸ்கூல்.

கிராமர் திருத்துவதற்குக் கையைத் தூக்கப் போய், பாதியில் இறக்கிக்கொண்டார். சொன்னால் தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த விமானம். பேனாவை இறுக்கிப் பிடித்து அப்படியே எழுதினார். பக்கத்திலிருந்த நரைமுடிப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். முன்னால் இருந்தவர் கைக்குட்டையை வாயில் திணித்திருந்தார். கடைசிப் பெஞ்சில் ஒருவர் ஓசையில்லாமல் அழுதார். கிராமர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த அறையில் ஆங்கிலம் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இடைவேளையில் யாரும் பேசவில்லை. அத்தனை தேசத்துக்காரர்களுக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி ஆங்கிலம் ஒன்றுதான். அதனால் கையை ஆட்டியே டீ குடித்தார்கள்.

சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற வீடுகளில் கிராமர் ஸ்கூலைச் சரியாக எழுதி ஆறுதல் அடைந்தார். பகலில் யூ, சாயங்காலம் இரண்டு ஓ என்று நாள் ஓடியது. வீட்டுக்குப் பணம் போனது. மச்சானுக்கு இருமல் நின்றுவிட்டதாக மனைவி போனில் சொன்னாள்.

அப்போதுதான் கல்வி ஆய்வாளர் வகுப்புக்கு வந்தார். ஒவ்வொருவராக எழுப்பி, ஸ்கூலுக்கு எழுத்துக் கேட்டார். ஒவ்வொருவராக, எஸ், கே, யூ, எல் என்றார்கள். டீச்சர் வேலை போய்விட்டதென்று கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆய்வாளரோ பிரமித்துப் போனார். வெவ்வேறு தேசத்தவர், ஒரு சொல்கூட ஆங்கிலம் அறியாதவர் என்று அரசு முத்திரையோடு சான்று பெற்றவர்கள். இவர்கள் அனைவரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்றால், அதுவே மனித இயல்புக்கு உகந்த எழுத்து என்பது வெள்ளிடை மலை. அப்படியே அறிக்கை தந்தார். அறிக்கை ஏற்கப்பட்டது. டீச்சருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சாயங்கால வீடுகளில் பிள்ளைகள் கிராமரின் இரண்டு ஓ-வை அடித்துவிட்டு யூ போட்டுக்கொண்டார்கள். "மாணவர்தானே, போகப் போகப் பழகிடுவார்," என்று பெற்றோர் பெருந்தன்மையாக இருந்தார்கள்.

கொஞ்ச நாளில் வீட்டிலிருந்து போன். மகள் பேசினாள்.

"அப்பா, ஸ்கூலுக்கு நீ சொல்லிக்குடுத்த மாதிரியே எழுதினேன். மிஸ் சிவப்புல அடிச்சுட்டாங்க."

"என்னன்னு சொன்னாங்க?"

"யூ தான் போடணுமாம். வெளிநாட்டு முறையாம். எல்லாரும் சிரிச்சாங்கப்பா."

மனைவி போனை வாங்கினாள். "ஆமாங்க, நம்ம ஊர்லயும் வந்தாச்சு. இந்த முறையில நடத்தற பள்ளிக்கூடத்துக்குத்தான் இப்ப கூட்டம். எங்க அண்ணனே ஆள் பிடிச்சுத்தான் பாப்பாவுக்கு இடம் வாங்கினார். அங்கே இருக்கிறவர், நீங்களாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

கிராமர் சுவரில் சாய்ந்துகொண்டார். மறுபடியும் மகள் வந்தாள்.

"எதுப்பா சரி?"

விடுதி நடையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் சொல்றபடி எழுதும்மா," என்றார்.

அவள் தேற்றுகிற குரலில் சொன்னாள்: "பரவால்லப்பா. நீ அங்கே நல்லாக் கவனிச்சுப் படி. வந்து எனக்குச் சொல்லிக்குடு."

மறுநாள் முதல் பெஞ்சில் உட்காரலாம் என்று கிராமர் சீக்கிரமாகவே கிளம்பிப் போனார். அங்கே இடமில்லை. எல்லாருக்கும் வீட்டிலிருந்து போன் வந்திருந்தது.